ஏழு நாற்பத்திரண்டு

கார்வெல் ஊர் மன்றத்தில்
இருபத்திரண்டு வருடமாகக் குறிப்பெடுக்கிறேன்.
மனிடோபாவின் பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
வெளியே ஒவ்வொரு வண்டியும்
மூக்கில் மின்கம்பி மாட்டிக்கொண்டு நிற்கிறது,
கட்டுத்தறி மாடுபோல.

எங்கள் ஊரில் நாய்க்கு விதி உண்டு:
கயிறு ஆறடிக்கு மேல் கூடாது.
புல்லுக்கு உண்டு: பதினைந்து சென்டிமீட்டர்.
குப்பை எரிக்கும் பீப்பாய்க்கு
மூடி, கம்பிவலை, காற்றடிக்கும் திசை என்று
நான்கு பக்கம்.

மன்ற உறுப்பினருக்கு ஒரே வரி.
எண்பத்தேழில் யாரோ தட்டச்சில் அடித்தது:
'உறுப்பினர்கள் மாண்புடன் நடந்துகொள்வார்கள்.'

மாண்பு எத்தனை அடி?
எந்த அளவுகோலை வைத்துப் பார்ப்பது?

சரளைக்கல் ஒப்பந்தம் வந்த இரவு
ஓரெஸ்ட் ஹ்ரிசுக்கின் கை முதலில் உயர்ந்தது.
குவாரி அவருடைய மைத்துனனுடையது.
அறையில் எல்லோருக்கும் தெரியும்.
தெரிந்ததை யார் கேட்பது?
நான் எழுதினேன்: ஒருமனதாக.

தண்ணீர் நிலையத்து டானிஸை
அவர் எல்லோர் முன்னும் கத்திய இரவு
நான் எழுதினேன்: விவாதம் நடைபெற்றது.
ஒரு பெண்ணின் கழுத்துவரை ஏறிய சிவப்பை
இரண்டு சொல்லால் பூசி மெழுகிவிட்டேன்.
அவள் புகார் எழுதி எடுத்து வந்தாள்.
யாரிடம் கொடுக்க?
'மேயரிடம்' என்றேன்.
மேயர் லைல் வியாழக்கிழமைதோறும்
ஓரெஸ்டோடு ஹாக்கி ஆடுபவர்.
டானிஸ் காகிதத்தை மடித்தாள்,
மறுபடி மடித்தாள்,
கையுறைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.
மார்ச்சில் வேறு ஊரில் வேலை.

இதையும் சொல்ல வேண்டும்:
என் வீட்டுக் கணப்பு செத்த ஜனவரியில்
நடுநிசியில் விறகடுப்பைத் தன் வண்டியில் ஏற்றி வந்து
குழாய் பொருத்தி, தீ பிடிக்கும்வரை
முழந்தாளிட்டு ஊதிக்கொண்டிருந்தவர்
இதே ஓரெஸ்ட்தான்.
நல்லவர்.
சிக்கலே அதுதான்.
கெட்டவன் என்றால் ஊரே கதவைச் சாத்தியிருக்கும்.

தோர்டிஸ் ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள்.
பரிசு எவ்வளவுவரை வாங்கலாம்.
ஊழியரை இரவில் எப்போது அழைக்கக் கூடாது.
புகார் வந்தால் பிரித்துப் படிப்பது
ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவர்.
சொந்தக்காரர் பணம் பேசப்படும்போது
உறுப்பினர் அறையைவிட்டு வெளியேற வேண்டும்.

'வேண்டும்' என்ற சொல்லில்
ஒன்றரை மணிநேரம் சிக்கிக் கிடந்தோம்.
'வெளியேற முயலலாம்' என்று போடுவோமே,
என்றார் ஒருவர்.
'முயன்று, முடியாமல்
நாற்காலியிலேயே இருந்துவிட்டால்?' என்றாள் தோர்டிஸ்.
யாரோ சிரித்தார்.
'நம்மை நம்பித்தானே ஓட்டுப் போட்டார்கள்,'
ஓரெஸ்ட் சொன்னார், குரல் உடைந்து,
'இது சந்தேகப்படுவதுபோல இருக்கிறது.'

பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை.
எழுதுகிறவள் பேசக் கூடாது,
அதற்கு விதி இருக்கிறது.
பேசியிருந்தால்
நாய்க்கயிற்றைச் சொல்லியிருப்பேன்:
கடிக்கும் நாய்க்கு மட்டுமா அந்த ஆறடி?

மூன்றுக்கு இரண்டு. 'வேண்டும்' நின்றது.

மே மாதம் மறுபடி சரளைக்கல்.
மேயர் தலைப்பை வாசித்ததும்
ஓரெஸ்ட் எழுந்தார்.
நாற்காலி தரையில் இழுபட்ட சத்தம்
எல்லோர் காதிலும் விழுந்தது.
கதவுக்கு அந்தப் பக்கம்
காபிப் பாத்திரத்தின் குழாய் திறந்தது, மூடியது.
அவர் தொண்டையைச் செருமினார்.
மெல்லிய சுவர்.
நாங்கள் தணிந்த குரலில் விலைகளைப் படித்தோம்.
முதன்முறையாக மூன்றையும் படித்தோம்.

மைத்துனனுக்கே போனது. அவன் விலைதான் குறைவு.
அதே குவாரி. அதே கல்.

நான் எழுதினேன்:
உறுப்பினர் ஹ்ரிசுக் ஏழு நாற்பத்திரண்டுக்கு வெளியே சென்றார்.
ஏழு ஐம்பத்தொன்றுக்குத் திரும்பினார்.

உட்கார்ந்ததும் என் பக்கம் சாய்ந்து,
'யாருக்குக் கிடைத்தது?' என்றார் ரகசியமாக.

குறிப்பேட்டில் இருக்கிறது, என்றேன்.
நாளை காலை ஒன்பதுக்குத் திறப்போம்.
எல்லோருக்கும்.